வெளிநாட்டுல கடிகார மணி மாத்துறப்ப நம்ம வீட்ல என்ன பண்ணணும்: பாம்பன்ல இருந்து ஒரு வழிகாட்டி

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஐப்பசி மாசம், ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணி இருக்கும், மழை விட்டு விட்டு பெய்யுது, பக்கத்து வீட்டு பெரியம்மா எங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. ஒரு கையில போனு, இன்னொரு கையில முந்தானை, கண்ணைத் தொடச்சுக்கிட்டே "என்னத்தா, தம்பி இன்னும் கூப்பிடலயே, ஏழரைக்கு டான்னு அடிப்பான், எட்டாயிருச்சு"ங்குறாங்க. மகன் டொரண்டோல இருக்கான். வாரம் தவறாம ஞாயித்துக்கிழமை கூப்பிடுவான். அவன்கிட்ட பேசிட்டுதான் சாப்பிடணும்னு அன்னைக்கும் குழம்பை மூடி வச்சிட்டு அரை மணி நேரமா போனையே பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

நான் தேதியப் பாத்தேன், புரிஞ்சுபோச்சு. வருஷத்துக்கு ரெண்டு தடவை அந்த ஊர்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்ன பின்ன மாத்தி வைப்பாங்க, அன்னைக்குத்தான் கனடாவுல அப்படி மணியை ஒண்ணு பின்னாடி வச்ச நாள். "பெரியம்மா, எட்டரைக்கு வரும், உள்ள வந்து உக்காருங்க"ன்னேன். நம்பவே இல்ல. சரியா எட்டரைக்கு போன் அடிச்சுச்சு. "ஏம்ப்பா லேட்டு"ன்னு கேட்டா அவன் "இல்லம்மா, எப்பவும் போல பத்து மணிக்குத்தான் கூப்பிடுறேன்"ங்குறான். அவன் சொன்னதும் சரி, பெரியம்மா சொன்னதும் சரி. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மணி நேரம் நகந்துருச்சு, அதை யாரும் யார்கிட்டயும் சொல்லல, அவ்வளவுதான் நடந்தது.

நான் ஆன்லைன்ல வெளிநாட்டு பிள்ளைகளுக்கு தமிழ் சொல்லித்தர்றேன். லண்டன்ல ஒரு பேட்ச், டொரண்டோல ஒண்ணு, மெல்போர்ன்ல ஒண்ணு. ஒவ்வொரு ஊருக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவை மணி மாறும், ஆக எனக்கு வருஷத்துக்கு ஆறு தடவை. ஆரம்பத்துல ஒரு தடவை நான் ரெண்டரைக்கு வர வேண்டிய கிளாஸுக்கு மூணரைக்கு வந்து உக்காந்தேன், அங்க ஏழு பிள்ளைங்க ஒரு மணி நேரம் வெறும் ஸ்கிரீனைப் பாத்துட்டு போயிருச்சுங்க, அது இன்னும் மனசுல இருக்கு. அதுக்கப்புறம் கத்துக்கிட்டதை எல்லாம் இங்க எழுதுறேன். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டின்னு நம்ம கரையோரத்துல வெளிநாட்டுல ஆள் இருக்குற வீடு நெறைய இருக்கு, எல்லாருக்கும் ஆகும்.

மொதல்ல, அவங்க ஏன் மாத்துறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா மண்டையில நிக்கும். இதைத் தெரிஞ்சுக்க புத்தகம் வேணாம், ஒரு குச்சி போதும்.

ஒரு மீட்டர் நீளத்துக்கு நேரான குச்சி ஒண்ணு எடுத்துக்கங்க. வெயில் அடிக்கிற மணல்ல, இல்ல மொட்டைமாடியில ஒரு வாளி மணல் வச்சு அதுல நடுங்க. செங்குத்தா நிக்கணும், அதுக்கு வலையில கட்டுற ஈயக்குண்டு ஒண்ணை நூல்ல கட்டி குச்சி பக்கத்துல தொங்கவிட்டுப் பாத்தா சாய்ஞ்சிருக்கான்னு தெரிஞ்சிரும். காலையில 11:40ல இருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை நிழலோட நுனியில ஒரு சிப்பி வைங்க. 12:45 வரைக்கும் வச்சுட்டு எந்த சிப்பி குச்சிக்கு ரொம்ப கிட்ட இருக்குன்னு பாருங்க, அதுதான் நம்ம ஊரோட உண்மையான உச்சிவேளை. பாம்பன்ல அது 12 மணிக்கு வராது. சராசரியா 12:13க்கு வரும். நவம்பர் மொத வாரம் 11:57க்கே வந்துரும், பிப்ரவரி ரெண்டாவது வாரம் 12:27 வரைக்கும் போயிரும். ஏன்னா இந்தியா முழுக்க ஓடுற மணி கிழக்கு 82½ டிகிரி கோட்டை, அதாவது மிர்ஸாபூர் பக்கத்தைக் கணக்கு வச்சு ஓடுது, நாம அதுக்கு மேற்கால இருக்கோம். 1906ல இந்த பொது மணி வர்றதுக்கு முன்னாடி மெட்ராஸுக்கு தனி மணி இருந்துச்சு, ரயில்வேல எல்லாம் அதுதான் ஓடுச்சு, இப்ப உள்ள மணியை விட சுமார் ஒம்பது நிமிஷம் பின்னாடி. ஆக மணிங்குறது சூரியன் குடுத்ததில்ல, நாலு பேர் கூடி ஒத்துக்கிட்டது. இதை மனசுல வச்சுக்கங்க.

இந்த குச்சியை சித்திரை ஒண்ணாந்தேதி நட்டுப் பாருங்க, அதான் முக்கியம். உச்சிவேளையில நிழலே இருக்காது. சூரியன் நேரா நம்ம தலைக்கு மேல நிக்கும். ஆகஸ்ட் கடைசியில, 29 வாக்குல, இன்னொரு தடவை அப்படி நடக்கும். இந்த ரெண்டு நாளுக்கும் நடுவுல மதிய நிழல் தெக்கால விழும், மத்த மாசமெல்லாம் வடக்கால விழும். எங்க அப்பா நாப்பது வருஷம் நாட்டுப்படகுல போனவங்க, அவங்ககிட்ட இதைக் காட்டுனப்ப "இது தெரியாமயா, வைகாசியில பாய்மர நிழல் தென்கடல் பக்கமில்ல கெடக்கும்"னாங்க. நான் கம்ப்யூட்டர்ல பாத்து கத்துக்கிட்டதை அவங்க படகுலயே பாத்திருக்காங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். டிசம்பர் 21 அன்னைக்கு மதியம் அந்த ஒரு மீட்டர் குச்சிக்கு பாம்பன்ல நிழல் 64 சென்டிமீட்டர். அதே நாள் அதே குச்சியை லண்டன்ல நட்டா நிழல் 3.7 மீட்டர், நம்ம வீட்டு கூடத்து நீளத்துக்கு. சூரியன் அங்க மதியத்துலயே அடிவானத்துக்கு கொஞ்சம் மேலதான் நிக்குது, அவ்வளவு சரிவு. அதனால அங்க பகல் ரொம்பச் சுருங்கிரும், டிசம்பர்ல 7 மணி 50 நிமிஷம்தான் பகல், காலை எட்டு மணிக்கு விடிஞ்சு சாயங்காலம் நாலு ஆகுறதுக்குள்ள அடைஞ்சிரும். ஜூன்ல அப்படியே தலைகீழ், பதினாறரை மணி நேரத்துக்கு மேல பகல். ஒரு வருஷத்துக்குள்ள கிட்டத்தட்ட ஒம்பது மணி நேரம் கூடிக் குறையுது.

நமக்கு? ஜூன்ல பன்னெண்டே முக்கா மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி, டிசம்பர்ல பதினொண்ணரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. வருஷம் முழுக்க வித்தியாசம் ஒரு மணி நேரம் அஞ்சு நிமிஷம், அதுக்கு மேல இல்ல.

ஜூன் மாசத்துல லண்டன்ல மணியை மாத்தாம விட்டா காலையில 3:43க்கு சூரியன் வந்துரும், ஊரே போர்த்திக்கிட்டு தூங்குற நேரம். அந்த வெளிச்சம் யாருக்கும் ஆகாம வீணாப்போகுது, ராத்திரி விளக்கு போட வேண்டியதாகுது. அதனால மணியை ஒண்ணு முன்னாடி தள்ளி வச்சா விடியிறது 4:43, அடையிறது ராத்திரி 9:21, சாயங்காலம் வேலை முடிஞ்சு வர்றவனுக்கு வெளிச்சம் கிடைக்கும். இதுதான் மொத்த யோசனையும். நியூசிலாந்துல ஜார்ஜ் ஹட்சன்னு பூச்சி சேகரிக்கிற மனுஷன் 1895லயே இதைச் சொன்னாரு, வேலை முடிஞ்சு பூச்சி பிடிக்க வெளிச்சம் வேணும்னு. இங்கிலாந்துல வில்லியம் வில்லெட்னு வீடு கட்டுற தொழில் பண்ணவரு 1907ல எழுதி அச்சடிச்சு ஊரெல்லாம் குடுத்தாரு, அவரு 1915ல இறந்துட்டாரு. மறு வருஷம் 1916ல, மொதல் உலகப்போர் நடுவுல, நிலக்கரி மிச்சம் பிடிக்கணும்னு ஜெர்மனி ஏப்ரல் கடைசியில மாத்துச்சு, மே மாசம் இங்கிலாந்தும் மாத்திருச்சு.

நம்மளும் ஒருகாலத்துல மாத்தியிருக்கோம், இது நெறைய பேருக்கு தெரியாது. ரெண்டாம் உலகப்போர் சமயம் 1942 செப்டம்பர்ல இருந்து 1945 அக்டோபர் வரைக்கும் இந்தியா முழுக்க மணியை ஒண்ணு முன்னாடி வச்சிருந்தாங்க. அக்கரையில இன்னும் சமீபத்துல நடந்துச்சு, 1996 மே மாசம் இலங்கையில கரண்ட் தட்டுப்பாடுன்னு ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுனாங்க, அதே வருஷம் அக்டோபர்ல அதுல அரை மணி பின்னாடி வந்தாங்க, 2006 சித்திரையிலதான் திரும்ப நம்ம மணிக்கே வந்தாங்க. தனுஷ்கோடியில இருந்து தலைமன்னார் கூப்பிடு தூரம்ங்குறோம், ஆனா பத்து வருஷம் அங்க ஒரு மணி இங்க ஒரு மணின்னு ஓடியிருக்கு.

சரி, இப்ப செய்யவேண்டியது.

உங்க ஆள் இருக்குற நாடு மணி மாத்துற நாடான்னு மொதல்ல பாருங்க, பாதிப் பேருக்கு இங்கயே வேலை முடிஞ்சிரும். துபாய், அபுதாபி, ஓமன், சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் எதுலயும் மாத்துறதில்ல. சிங்கப்பூர், மலேசியாவும் மாத்துறதில்ல. கீழக்கரையில என் தோழி வீட்ல ரெண்டு அண்ணன் துபாய்ல, ஒரு ராத்தா (அக்கா) லண்டன்ல. துபாய் எப்பவும் நமக்கு ஒன்றரை மணி பின்னாடி, மாறவே மாறாது, ராத்தா வீட்டு மணிதான் மாறும், உம்மாவுக்கு அதுதான் குழப்பம், "அவனுக்கு மாறல, இவளுக்கு மட்டும் எப்படி மாறும்"னு. இங்கிலாந்து, ஐரோப்பால பெரும்பாலான நாடு, அமெரிக்கா, கனடாவுல பெரும்பகுதி, நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவுல சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு பக்கம் இதெல்லாம் மாத்துற ஊரு. ஆஸ்திரேலியாவுலயே பிரிஸ்பேனும் பெர்த்தும் மாத்தாது. அமெரிக்காவுல ஹவாய் மாத்தாது, அரிசோனாவும் பெரும்பகுதி மாத்தாது. அதனால "அமெரிக்காவுல இருக்கான்"னு மட்டும் வச்சுக்காதீங்க, ஊர் பேரைக் கேட்டு வச்சுக்கங்க.

அடுத்தது நாள். வருஷா வருஷம் தேதி மாறும், ஆனா எந்த ஞாயித்துக்கிழமைங்குறது மாறாது. அமெரிக்கா கனடாவுல மார்ச் ரெண்டாவது ஞாயிறு முன்னாடி போவாங்க, நவம்பர் மொத ஞாயிறு பின்னாடி வருவாங்க. இங்கிலாந்து, ஐரோப்பாவுல மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. ஆஸ்திரேலியாவுக்கு அக்டோபர் மொத ஞாயிறு முன்னாடி, ஏப்ரல் மொத ஞாயிறு பின்னாடி, அவங்களுக்கு கோடை நம்ம மார்கழியிலதானே. இதை எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் மாசத்துல சொன்னா நிக்கல, அதனால தமிழ் மாசத்துல சொல்லிக் குடுத்தேன்: மாசி கடைசியில டொரண்டோ, பங்குனி நடுவுல லண்டன், ஐப்பசியில ரெண்டும். நாள்காட்டியில அந்த ஞாயித்துக்கிழமைகளை சிவப்புல வட்டம் போட்டு பக்கத்துல ஊர் பேர் எழுதிருங்க, தை மாசம் புது காலண்டர் மாட்டுன உடனே செஞ்சுருங்க, அப்புறம்னா மறந்துரும்.

எந்தப் பக்கம் மாறும்ங்குறதுலதான் எல்லாரும் தடுக்கி விழுவாங்க. அவங்க முன்னாடி தள்ளுனா நமக்கு முன்னாடியா பின்னாடியான்னு விரலை மடக்கி எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. இப்படி வச்சுக்கங்க: நம்ம கோடையில அவங்க நம்ம கிட்ட வருவாங்க, நம்ம குளிர்ல தள்ளிப் போவாங்க. லண்டனுக்கும் நமக்கும் கோடையில நாலரை மணி, குளிர்ல அஞ்சரை. டொரண்டோ, நியூயார்க்குக்கு கோடையில ஒம்பதரை, குளிர்ல பத்தரை. கலிபோர்னியாவுக்கு பன்னெண்டரை, பதிமூணரை. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா மெல்போர்னும் இதே கணக்குதான். அது நமக்கு கிழக்கால, முன்னாடி ஓடுற ஊரு, அதோட கோடை தலைகீழ், ஆனாலும் நம்ம கோடையில நாலரை மணி, நம்ம குளிர்ல அஞ்சரை மணி. லண்டன் பின்னாடி நாலரை, மெல்போர்ன் முன்னாடி நாலரை, நாம சரியா நடுவுல. அப்புறம் ரெண்டும் சேந்து அஞ்சரைக்குத் தள்ளிப் போகும்.

என் கிளாஸை வச்சே சொல்றேன். லண்டன் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை 10 மணி கிளாஸ், எனக்கு கோடையில பகல் 2:30, குளிர்ல 3:30. டொரண்டோவுக்கு ஞாயிறு காலை 9, எனக்கு கோடையில சாயங்காலம் 6:30, குளிர்ல 7:30. மெல்போர்னுக்கு சனிக்கிழமை சாயங்காலம் 4, எனக்கு நம்ம கோடையில காலை 11:30, நம்ம குளிர்ல 10:30. கிழக்கால இருக்குற ஊருக்கு மணி வித்தியாசம் கூடுனா நமக்கு சீக்கிரமே வந்துரும், மேற்கால உள்ளதுக்கு தள்ளிப் போகும், அதை மட்டும் கவனிங்க.

மாத்துற நிமிஷம் எப்ப வருதுன்னும் தெரிஞ்சு வைக்கணும், ஏன்னா சனிக்கிழமை ராத்திரி பேசுறது பழைய மணியிலயா புது மணியிலயான்னு சந்தேகம் வரும். லண்டன்ல மார்ச்சுலயும் சரி அக்டோபர்லயும் சரி நம்ம மணிக்கு ஞாயிறு காலை 6:30க்கு மாறும், நம்ம கரையில விடிஞ்சு கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், மீன் ஏலம் போடுற நேரம். டொரண்டோல மார்ச்சுன்னா நம்ம ஞாயிறு பகல் 12:30, நவம்பர்னா 11:30. ஆக சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் பழையபடி, ஞாயிறு சாயங்காலத்துக்கு எல்லாம் புதுசு.

இன்னொரு பொறி இருக்கு, இதுலதான் நான் ரெண்டு தடவை மாட்டுனேன். அமெரிக்காவும் இங்கிலாந்தும் ஒரே நாள்ல மாத்துறதில்ல. மார்ச்சுல நடுவுல ரெண்டு வாரம், சில வருஷம் மூணு வாரம் இடைவெளி. அக்டோபர் கடைசியில எப்பவும் ஒரு வாரம். அந்த வாரங்கள்ல லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் இருக்குற அஞ்சு மணி வித்தியாசம் நாலாயிரும். ஒரு பேரன் லண்டன்ல, ஒரு பேத்தி டொரண்டோல, எல்லாரும் சேந்து வீடியோ கால்ல வர்ற குடும்பம்னா லண்டன் பகல் 3 மணி டொரண்டோ காலை 10ன்னு பழகியிருப்பாங்க, அந்த வாரம் மட்டும் அது காலை 11. தீபாவளி பாதி வருஷம் இந்தப் பக்கம்தான் வருது, அதனால தீபாவளிக்கு கூட்டா பேசணும்னா தனியா ஒரு தடவை ஊர் ஊரா மணி எழுதிப் பாத்துருங்க.

இப்ப சொல்றதுதான் எனக்கு எல்லாத்தையும் விட பெருசு. யாரோட மணிக்கு நிக்கிறதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கங்க. வருஷத்துல ரெண்டு நாள் ஒரு ஆள் விட்டுக்குடுக்கணும், அது யாருன்னு தெரியாம இருக்குறதாலதான் பெரியம்மா மழையில வந்து நின்னாங்க. பள்ளிக்கூடம், ஆபீஸ்னு நகத்த முடியாத வேலை அவங்க பக்கம் இருந்தா அவங்க மணிக்கு நில்லுங்க, நமக்கு ஒரு மணி முன்னப்பின்ன வரும்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. ஆனா நம்ம பக்கம் சர்க்கரை மாத்திரை போட்டுட்டு நேரத்துக்கு சாப்பிட வேண்டிய பெரியவங்க இருந்தா, இல்ல விடியக்காலை மூணு மணிக்கு எந்திரிச்சு கடலுக்குப் போற ஆள் இருந்தா, அப்ப நம்ம மணிக்குத்தான் நிக்கணும், வெளிநாட்டுல இருக்குற பிள்ளை ஒரு மணி நகந்துக்கணும். சின்ன வயசுக்காரங்க நகர்றது பெரிய கஷ்டமில்ல, வயசானவங்களுக்கு சாப்பாடும் தூக்கமும் நகர்றது கஷ்டம். பெரியம்மா வீட்ல இப்ப அப்படித்தான், வருஷம் முழுக்க நம்ம ஏழரை. மகன் கோடையில பத்து மணிக்கும் குளிர்ல ஒம்பது மணிக்கும் கூப்பிடுறான்.

போன்ல செய்ய வேண்டியது ரெண்டு மூணுதான். கிளாக் ஆப்புல வேர்ல்ட் கிளாக்னு இருக்கும், அதுல பிள்ளை இருக்குற ஊர் பேரைச் சேத்துருங்க, அது தானா மாத்திக்கும், நீங்க கூட்டிக் கழிக்கவே வேணாம். செட்டிங்ஸ்ல டேட் அண்ட் டைம் ஆட்டோமேட்டிக்ல இருக்கான்னு பாருங்க. கூகுள் காலண்டர்ல வாரா வாரம் வர்ற கிளாஸோ கூப்பிடுற நேரமோ போட்டீங்கன்னா அந்த நிகழ்ச்சிக்கு டைம் சோன் என்னன்னு கேக்கும், அங்க யாரோட மணிக்கு நிக்கிறீங்களோ அந்த ஊரைப் போடுங்க. லண்டன் பத்து மணின்னா லண்டன். நான் மொதல்ல இந்திய மணியில போட்டு வச்சிருந்தேன், மணி மாறுனப்ப அது அசையாம அங்கயே நின்னுச்சு, பிள்ளைங்க மட்டும் நகந்துருச்சுங்க, அந்த ஏழு பிள்ளை கதை அப்படித்தான் வந்துச்சு.

மெசேஜ் அனுப்புறப்ப "ஈஎஸ்டி", "ஜிஎம்டி"ன்னு மணிக்கு வச்ச சுருக்கப்பேரைப் போடாதீங்க. ஜிஎம்டிங்குறது லண்டனோட குளிர்கால மணி, கோடையில லண்டன்காரங்க அதுல இருக்குறதில்ல, ஆனா பழக்கத்துல அப்படியே எழுதுவாங்க, அதை நம்பி கணக்குப் போட்டா ஒரு மணி நேரம் தப்பும். "லண்டன் மணி 10, பாம்பன் மணி 2:30"ன்னு ரெண்டையும் எழுதிருங்க. கலிபோர்னியாவுல ஆள் இருந்தா கிழமையும் எழுதுங்க, நமக்கு ஞாயிறு காலைன்னா அவங்களுக்கு சனி ராத்திரி. வெளிநாட்டு கம்பெனி இன்டர்வியூ, ஆன்லைன் பரீட்சைன்னா மார்ச்சுலயும் அக்டோபர் நவம்பர்லயும் ஒரு தடவை திரும்பக் கேட்டு உறுதி பண்ணிக்கங்க, கேக்குறதுல கூச்சமே வேணாம்.

பெரியவங்களுக்கு போன்ல ஊர் ஊரா பாக்க வராது. அவங்களுக்கு சுவத்துல இன்னொரு கடிகாரம் மாட்டிருங்க, கீழ ஒரு அட்டையில "லண்டன்"னு எழுதி ஒட்டிருங்க. முள்ளு கடிகாரமா இருக்கணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை அதை யாரு திருப்புறதுன்னு வீட்ல ஒரு ஆளைச் சொல்லி வைங்க, இல்லன்னா அதுவே புதுக் குழப்பம். கையில முள்ளு வாட்ச் கட்டுறவங்களுக்கு இன்னும் லேசா ஒரு வழி இருக்கு: வாட்சைக் கழட்டி தலைகீழா பிடிச்சுப் பாருங்க, அது லண்டனோட குளிர்கால மணி. நம்ம எட்டரைய தலைகீழா பிடிச்சா பெரிய முள்ளு எப்பவும் பன்னெண்டு இருக்குற எடத்துல நிக்கும், சின்ன முள்ளு ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கும், மூணு மணின்னு படிச்சுக்கங்க. கோடையில அதோட ஒரு மணி சேத்துக்கணும். அஞ்சரை மணி வித்தியாசம்ங்குறதாலதான் இது வேலை செய்யுது. அப்பாவோட பழைய வாட்ச்ல இதைக் காட்டுனப்ப அவங்க கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

நோன்பு வைக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ரமலான் வருஷா வருஷம் பத்து பதினோரு நாள் முன்னாடி வரும், 2024ல அது மார்ச் ரெண்டாவது வாரம் ஆரம்பிச்சுச்சு, நடு நோன்புல மார்ச் 31 அன்னைக்கு லண்டன்ல மணி மாறுச்சு. தோழியோட ராத்தாவுக்கு மொத நாள் நோன்பு தொறந்த மணிக்கும் மறு நாள் தொறந்த மணிக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம், உம்மா இங்க இருந்து பயந்துட்டாங்க, "ஒரு மணி நேரம் கூட பட்டினியா கெடக்குறா"ன்னு. இல்ல, விடியுறதுக்கு முன்னாடி சாப்பிடுற சஹரும் அதே ஒரு மணி நகந்துருச்சு, நோன்போட நீளம் சூரியன்கிட்ட இருக்கு, கடிகாரத்துகிட்ட இல்ல. இதை மட்டும் சொன்னா போதும், உம்மாமார் நிம்மதியா இருப்பாங்க.

பிள்ளைங்க விஷயத்துல ஒண்ணு. மார்ச்சுல முன்னாடி தள்ளுற அன்னைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மணி தூக்கம் போகும், மொத வாரம் கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கும். அந்த வாரம் நான் இலக்கணம் எடுக்க மாட்டேன், கதைதான். பேரன் பேத்தி வீடியோ கால்ல சிடுசிடுன்னு இருந்தா அந்த வாரம் கோவிச்சுக்காதீங்க. பெத்தவங்க நாலு நாள் முன்னாடி இருந்தே கால் மணி கால் மணியா படுக்குற நேரத்தை முன்னாடி கொண்டுவந்தா லேசா இருக்கும்.

நம்ம ஊர்லயும் இதை மாத்தலாமேன்னு சிலபேர் கேக்குறாங்க. என் அபிப்பிராயம் வேணாம்ங்குறதுதான். ஒரு மணி அஞ்சு நிமிஷம் மாறுற பகலுக்கு ஒரு மணி நேரம் கடிகாரத்தைத் திருப்பி என்ன மிச்சமாகப்போகுது. நமக்கு சூரியன் ரொம்ப சீக்கிரம் வர்றது ஜூன் வாக்குல 5:52க்கு, ரொம்ப லேட்டா வர்றது ஜனவரி கடைசியில 6:36 வாக்குல. அடையிறது நவம்பர் நடுவுல 5:49, ஜூலையில 6:38. இதுல கவனிக்க வேண்டியது, ரொம்பச் சின்ன பகல் டிசம்பர் 21 வாக்குலதான் வருது, ஆனா சாயங்காலம் சீக்கிரம் இருட்டுறது அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, காலையில லேட்டா விடியிறது அதுக்கு ஒரு மாசம் பின்னாடி. டியூஷன் விட்டு பொம்பளப்பிள்ளைங்க தனியா வர்ற வீடா இருந்தா ஐப்பசி, கார்த்திகையில அரை மணி முன்னாடி விடச் சொல்லுங்க. தை மாசம் காலையில பள்ளிக்கூட வண்டிக்கு நிக்கிற பிள்ளைக்கு வெளிச்சம் பத்தாது, ரோட்டை ஒட்டி நிக்க விடாதீங்க. கடிகாரத்தை யாரும் தொட வேணாம், நாம எந்திரிக்கிறதையும் கிளம்புறதையும் கொஞ்சம் நகத்திக்கிட்டா போதும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துல எல்லாம் இப்பவும் ஊர் மணியை விட ஒரு மணி முன்னாடி தோட்டத்து மணின்னு தனியா வச்சுக்கிட்டு வேலை பாக்குறாங்க, அங்க நாலரைக்கெல்லாம் விடிஞ்சிரும், அவங்களுக்கு அது தேவை.

அந்த ஊர்கள்லயும் இதை நிறுத்தணும்னு பேச்சு ஓடிக்கிட்டேதான் இருக்கு. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019ல நிறுத்தணும்னு ஓட்டு போட்டுச்சு, அமெரிக்க செனட் 2022ல ஒரு மசோதா நிறைவேத்துச்சு, ரெண்டும் அதோட நின்னுபோச்சு. அதனால இந்த வருஷம் நிறுத்திட்டாங்களாம்னு வாட்ஸ்அப்ல வர்றதை நம்பி காலண்டர் வட்டத்தை அழிச்சிராதீங்க, அந்த ஊர்ல இருக்குற ஆள்கிட்டயே கேளுங்க.

கடைசியா, மணி மாறுறதுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் நான் எல்லா வீட்டுக்கும் அனுப்புற மெசேஜை அப்படியே தர்றேன், ஊரையும் மணியையும் மாத்திட்டு நீங்களும் அனுப்பிக்கலாம்:

"வணக்கம். நாளைக்கு ஞாயிறு விடியக்காலை லண்டன்ல மணி ஒண்ணு பின்னாடி போகுது. கிளாஸ் உங்களுக்கு எப்பவும் போல லண்டன் காலை 10. எனக்கு பாம்பன்ல இனிமே 3:30, இதுவரைக்கும் 2:30. தாத்தா பாட்டி ஊர்ல இருந்து கிளாஸ் பாக்குறாங்கன்னா அவங்களுக்கும் இன்னைக்கே போன் பண்ணி சொல்லிருங்க. பாத்தவங்க ஒரு டிக் போடுங்க."

டிக் வராத வீட்டுக்கு மட்டும் ராத்திரி நானே கூப்பிட்டுச் சொல்லிருவேன்.